அடுப்படியில் நின்றால் எல்லைக்கு வெளியேயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒத்தக்கடையை அடுத்த நரசிங்கத்தில் குடியிருக்கும் சமையல் மாஸ்டர். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று மேலூர் முதல் திருமங்கலம் வரை முப்பது வருடமாகப் பந்திக்குச் சமைக்கிறேன். எனக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. இருப்பது ஒரு போன் நம்பர்தான். அது எனக்கே தெரியாமல் செத்துக் கிடந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது 2013-ல் வாங்கிய 3ஜி பட்டன் போன். இன்னுமா பட்டன் போன் என்று சிரிப்பவர்கள் ஒருநாள் என்னோடு வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று பார்க்கட்டும். கையெல்லாம் மாவும் எண்ணெயுமாக இருக்கும்போது டச் போனில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. பட்டனை நகத்தால் அமுக்கினாலே போதும். அதில் 'மேலூர் மொட்டைமாடி வீடு', 'பெரிய வாழையிலை', 'பாத்திரம் வாடகை' என்று நானூறு பேர் இருக்கிறார்கள்.

போன வருடம் ஆடியில் போன் அடிக்கவில்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. ஆவணி பிறந்தும் அடிக்கவில்லை. விலைவாசிக்குப் பயந்து ஜனங்கள் கையைச் சுருக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன மாஸ்டர், மூணு நாளா அடிக்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது. துபாய்க்குப் போயிட்டீங்களோன்னு வேற ஆளைப் பேசிட்டோம்" என்றார். மகளுக்கு வளைகாப்பு, முந்நூறு இலை. மூத்த மகளின் கல்யாணத்துக்குச் சமைத்தவன் நான். அந்த மூன்று நாளும் வீட்டை விட்டு நகராமல் அடுப்படியில் பொடி இடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், உள்ளே டவரே இல்லை. வாசலில் வந்து வந்து போகிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு. சரி என்று டிஷ் கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டி அதற்குள் போனைப் போட்டு வைத்தோம். அடித்தால் என் வீட்டம்மா மாடிப்படி ஏறி ஓட வேண்டும். அவருக்கு முட்டிவலி. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி கீழே நின்று நம்பர் கேட்பார். அந்த நம்பரோ மேலே பைக்குள் இருக்கும்.

198-க்கு அடித்துப் புகார் கொடுத்தேன், மாடியில் நின்றுதான். போனை அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். சிம்மை மாற்றுங்கள் என்றார்கள், கைரேகை வைத்து அதையும் மாற்றினேன். கடைசியில், "யானைமலை மறைக்கிறது சார்" என்றார் ஒருவர். யானை என்ன நேற்றா வந்து படுத்தது? கி.பி. 770-ல் பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன்காரி இங்கே நரசிங்கப் பெருமாளுக்கு மலையைக் குடைந்து கோயில் எடுத்தபோதே அந்த மலை இதே இடத்தில்தான் கிடந்தது. பத்து வருடத்துக்கு மேல் மலையைத் தாண்டி வந்த டவருக்கு ஆவணியில் மட்டும் என்ன வந்தது?

பதில் சொன்னவர் ஒத்தக்கடையில் போன் பழுது பார்க்கும் தம்பி. என் புது சிம்மைக் கழற்றித் தன் டச் போனில் போட்டு, "இதை உங்க அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்க அண்ணே" என்று நம்பிக் கொடுத்தனுப்பினார். அடுப்பு மேடையில் வைத்தேன், மூன்று கோடு. மேலூருக்குப் பேசினேன், கணீரென்று கேட்டது. ஆக, மலையிலும் குறை இல்லை, வீட்டிலும் குறை இல்லை.

விஷயம் இதுதான். 2020 வாக்கிலேயே நிறுவனங்கள் 3ஜியை மூட ஆரம்பித்துவிட்டன. என் போன் சத்தமில்லாமல் 2ஜிக்கு இறங்கி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அந்த 2ஜி அலைவரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக 4ஜிக்குத் திருப்புகிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி உள்ளே வரும், 1800-க்கு அந்த வலு கிடையாது, நமக்கு மிஞ்சியது எதுவோ அது கான்கிரீட் வீட்டுக்குள் வரவில்லை என்றார் தம்பி. 4ஜியிலேயே பேச வேண்டுமென்றால் போனில் வோல்டி என்ற வசதி இருக்க வேண்டுமாம். என் போனில் இல்லை. வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்று கேட்டேன். 2016-ல் 4ஜியோடு மட்டுமே வந்த நிறுவனத்தில் 2ஜியே கிடையாது, இந்தப் போனுக்கு அங்கே மாடியில்கூட ஒரு கோடும் வராது என்று சிரித்தார்.

பழையதையே காலத்துக்கும் ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. விறகடுப்பிலிருந்து கேஸுக்கு மாறியவன்தான் நானும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன். யார் எந்தப் போன் வைத்திருக்கிறார்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியாதா? ஸ்டார், ஹேஷ், சைபர் ஆறு, ஹேஷ் அடித்தால் 15 இலக்க எண் ஒன்று வரும். முதல் எட்டு இலக்கமே என்ன மாடல் என்று சொல்லிவிடும். போன் டவரோடு சேரும்போது அந்த எண்ணும் அவர்களுக்குப் போய்விடுகிறது. அதை வைத்து, 'உங்கள் போனில் இனி வீட்டுக்குள் பேச்சு கிடைக்காமல் போகலாம், வோல்டி உள்ள போன் வாங்குங்கள், பட்டன் போனிலும் அது உண்டு' என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி, மூன்று மாதம் முன்னால் அனுப்பினால் என்ன? காலர் ட்யூன் வைக்கச் சொல்லி நாளைக்கு மூன்று அனுப்புகிறவர்கள்தானே. குறுஞ்செய்தி படிக்கத் தெரியாதவர்களுக்குப் பதிவு செய்த குரலில் கூப்பிட்டுச் சொல்லட்டும்.

இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. அந்த ரீசார்ஜைத்தான் நான் போடுகிறேன். பேச்சுக்கென்றே காசு வாங்கிக்கொண்டு பேச்சைக் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர்? டிராய் உத்தரவுப்படி எங்கே சேவை உண்டு என்று நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வரைபடமும் போட்டிருக்கின்றன. என் தங்கை மகள் காட்டினாள். எங்கள் தெரு முழுக்க வண்ணம் பூசியிருக்கிறது. தெருவில் நின்று பேச நான் என்ன ஐஸ் வண்டிக்காரனா?

கடைசியில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வோல்டி உள்ள பட்டன் போன் ஒன்று வாங்கினேன். டவுனில் ஒரு கடையில் பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து டவர் எடுக்காது என்று சொன்னதை நம்பியிருந்தால் இன்னும் மோசம். இப்போது அடுப்படியிலேயே பேசுகிறேன். போன முகூர்த்தம் போனதுதான்.

மஞ்சப்பையை மட்டும் அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டு அப்பத்தாவின் போன் இப்போது அதில் கிடக்கிறது. திருப்பூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாராம். எட்டு மணிக்கே அப்பத்தா ஏறி வந்து தொட்டி நிழலில் உட்கார்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு சமையல் மாஸ்டர்,
நரசிங்கம், மதுரை மாவட்டம்.