குப்பை பிரித்தபோது கிடைத்த அறிமுகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். குடிவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. முதல் எட்டு ஆண்டுகள் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்புறம்தான் சனிக்கிழமை மாலைகளில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களைப் பிரிக்க ஆரம்பித்தோம். காகிதத்தில் ஈரமோ எண்ணெயோ பட்டால் கட்டே வீணாகும். அதனால் நிறையக் கைகள் தேவைப்பட்டன.

மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் அம்மா ஒருவர், வாராவாரம் காலி மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பழைய சாமான் எடுப்பவர் அவற்றைத் தொடவே மாட்டார். அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாங்கித் தனியாக வைத்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே முனகல் சத்தம். பூட்டை உடைத்துப் பார்த்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையிலிருந்து எழ முடியாமல் கிடந்திருக்கிறார். இப்போது கைத்தடியோடு இறங்கி வருகிறார். காகிதக் கட்டுகளுக்குக் கயிறு கட்டுவது அவர் பொறுப்பு.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே மானோ என்ற பகுதியில் தீப்பிடித்தபோது, மக்களே வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றித் தீ பரவாமல் தடுத்தார்கள். 1960களிலேயே தொழிற்சாலை மாசுக்கு எதிராக ஒன்றுகூடிப் பழகியவர்கள் அவர்கள். அதே ஆண்டு கோடையில் சிகாகோ வெப்ப அலைக்கு 700 பேருக்கு மேல் பலியானார்கள். தனியாக, எட்டிப் பார்க்க ஆளில்லாமல் இருந்த முதியவர்கள் அதில் பலர். படிக்கும்போது மூன்றாம் மாடிக் கதவுதான் என் நினைவுக்கு வந்தது.

இப்போது பிரிக்கும் வேலை முழுவதையும் ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கொட்டுங்கள், இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். நமக்குச் சுலபம், சரி. ஆனால் ஒன்றாகக் கொட்டினால் காகிதம் அங்கேயே கெட்டுவிடும். நாங்களும் பழையபடி கதவைச் சாத்திக்கொள்வோம்.

கனமான வேலையை நிறுவனம் செய்யட்டும். தெருவுக்கு ஒரு கூரை, ஒரு நீள மேசை, தண்ணீர்க் குழாய், விளக்கு, இவ்வளவு செய்துகொடுத்தால் போதும். பழைய சாமான் எடுப்பவருக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வாரத்தில் அந்த ஒரு மாலையை எங்களிடமே விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்