லேபிளை மறைத்தால் போதாது

ஆசிரியருக்கு,

ஒப்பீட்டு விளம்பரத்தில் போட்டியாளரின் லேபிளை மங்கலாக்கிவிட்டால் வழக்கு வராது என்று சிறு உற்பத்தியாளர்கள் பலர் நம்புகிறார்கள். 1999-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த உஜாலா சொட்டு நீல விளம்பரத்தில், அதன் போட்டியான ராபின் புளூவின் பெயரே இல்லை. புட்டியின் வடிவமும் 10 ரூபாய் விலையும் காட்டிக்கொடுத்தன. ‘என் சரக்கு உசத்தி’ என்று பீற்றிக்கொள்ளலாம், ‘அவன் சரக்கு மட்டம்’ என்று சொல்லக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

பீற்றலுக்கும் எல்லை உண்டு. 2008-இல் ஆங்கர் பற்பசை விளம்பரத்தில் ‘ஒரே’, ‘முதல்’ என்ற சொற்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சரிபார்க்கக்கூடிய சொல் என்றால் ஆதாரம் கேட்பார்கள்.

ஒப்பிடத்தான் வேண்டுமா? இரண்டையும் ஒரே ரகத்தில், ஒரே அளவில் கடையில் வாங்கி, பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். ஆய்வக அறிக்கையின் தேதி விளம்பரத்துக்கு முந்தியதாக இருக்கட்டும். வழக்கு வந்தபின் எடுக்கும் அறிக்கைக்கு மதிப்பு குறைவு. விலை ஒப்பீட்டில் தேதியைப் போடுங்கள்.

தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைவிட இடைக்காலத் தடைதான் பெரிய அடி: தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தால், அச்சடித்த பேனரெல்லாம் குடோனில்தான்.

— ஒரு வாசகர், கோவை