அக்கா மகன் பெயருக்கு வந்த வீடு

அன்புள்ள முருகேசா,

அத்தான் போய்விட்ட செய்தி கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அக்கா மகன் பெயருக்கு வந்த வீட்டை என்ன செய்வதென்று நீ கேட்டதற்கு உடனே எழுதக் காரணம், இதில் நாள் கடத்தினால் நஷ்டம் பையனுக்கு.

வாடகைக்கு விட்டிருந்த வீட்டை அத்தான் உயிலில் நேராக மாற்றுத்திறனாளியான அவன் பெயருக்கே எழுதியதுதான் சிக்கல். அவன் வாங்குவது எஸ்.எஸ்.ஐ. (வருமானமும் சொத்தும் குறைவாக உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் அமெரிக்க அரசு தரும் உதவித்தொகை) என்றால் சொத்து வரம்பு வெறும் 2,000 டாலர். 1989-லிருந்து அது உயரவில்லை. வீடு வந்துசேரும் மாதம் அதை வருமானமாகவும், அடுத்த மாதத்திலிருந்து சொத்தாகவும் கணக்கிடுவார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு, வாடகைக்கு விட்டதற்கு இல்லை. மாதம் 994 டாலர் நிற்பதைவிட, பல மாநிலங்களில் கூடவே மெடிகெய்டும் (அரசு மருத்துவ உதவி) நிற்பதுதான் எனக்குப் பயம். மருந்தும் பராமரிப்பாளரும் அதில்தானே? முதலில் உதவித்தொகைக் கடிதத்தை எடுத்துப் பார். எஸ்.எஸ்.டி.ஐ. (வேலை செய்து கட்டிய வரியின் பேரில் கிடைக்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை) மட்டும் என்றால் அந்தத் தொகைக்குச் சொத்து வரம்பே கிடையாது.

வீடு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்கிறாய். கூடவே கூடாது. அதைச் சொத்தைத் தானமாகக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு 36 மாதம் வரை எஸ்.எஸ்.ஐ.யை நிறுத்த முடியும்.

செய்ய வேண்டியது ஸ்பெஷல் நீட்ஸ் ட்ரஸ்ட். சொத்தை அவன் கையில் வைக்காமல், அவனுக்காக டிரஸ்டி என்ற நிர்வாகி வைத்து நடத்தும் ஏற்பாடு அது; அதிலுள்ளது அந்த 2,000 டாலர் வரம்பில் சேராது. அவனுக்கு 65 வயதாவதற்குள் தொடங்க வேண்டும். அவனே தொடங்கலாம், அக்காவும் தொடங்கலாம். பத்திரம் டிரஸ்டி பெயருக்கு மாற வேண்டும், வாடகையும் ட்ரஸ்ட் கணக்குக்கே போக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: ட்ரஸ்டிலிருந்து அவன் கையில் ரொக்கம் கொடுத்தால் உதவித்தொகையில் அநேகமாக அப்படியே கழிப்பார்கள். போன், பல் வைத்தியம், வண்டி என்று கடைக்காரருக்கே நேரடியாகக் கட்டிவிடு. அவன் குடியிருக்கும் இடத்து வாடகையை ட்ரஸ்ட் கட்டினாலும் ஓரளவு குறையும். அந்தப் பணத்தை ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சேமிப்புக் கணக்கு) வழியாக அனுப்பி, அதே மாதம் செலவழித்தால் குறையாது. அவன் காலத்துக்குப்பின் மிஞ்சியதிலிருந்து மெடிகெய்ட் செலவை மாநிலம் எடுத்துக்கொள்ளும். அத்தானே உயிலில் ட்ரஸ்ட் பெயருக்கு எழுதியிருந்தால் இந்தப் பிடித்தம் இருந்திருக்காது. அக்காவின் உயிலையாவது இப்போதே திருத்தச் சொல்.

வீடு எந்தத் தேதியில் அவனுடையதாகிறது என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. வக்கீலிடம் முதலில் அதைக் கேள். அந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் எஸ்.எஸ்.ஐ. தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

விற்பதா வைத்திருப்பதா என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யாதே. அத்தான் இறந்த நாளின் சந்தை விலையே வரிக்கு அடிப்படை விலை. அவர் 90,000-க்கு வாங்கியது அன்று 3,10,000 என்றால், விற்கும்போது 3,10,000-க்கு மேலுள்ள லாபத்துக்குத்தான் வரி. அந்தத் தேதிக்கான அப்ரைசலை (விலை மதிப்பீட்டை) இப்போதே எழுத்தில் வாங்கி வை. வைத்துக்கொண்டால், மனை மதிப்பு நீங்கலாகக் கட்டடத்துக்கு 27.5 வருடத் தேய்மானம் (வாடகை வருமான வரிக்கணக்கில் வருடாவருடம் கழிப்பது) புதிதாகத் தொடங்கும். என் யோசனை, கூரையும் ஹீட்டரும் பழையதென்றால் விற்றுவிடுவதே மேல். ட்ரஸ்டில் கையிருப்பு இல்லாமல் பழுதுபார்க்க முடியாது. குடித்தனக்காரர் காலி செய்தால் இன்சூரன்ஸ்காரரிடம் உடனே சொல். நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் நேரும் சில சேதங்களுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை.

உயில், பத்திரம், உதவித்தொகைக் கடிதம் மூன்றின் நகலும் அனுப்பு.

அன்புடன்,
சேகர்