ஆயரம்மா வந்து சேர்ந்தார்கள்: ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்பான ஊர் மக்களுக்கு வணக்கம். சபையாருக்கு ஸ்தோத்திரம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தென்னிந்தியத் திருச்சபைக் கோயிலில் புதிய ஆயர் பொறுப்பேற்றார்கள். ஆராதனை முடிந்ததும் நன்றி சொல்லச் செயலர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். நாலைந்து பேரைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. வெளியே இலை போட்டுக் காத்திருந்தார்கள். அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அன்று ராத்திரி படுத்தால் தூக்கமில்லை. சொல்லாமல் விட்டவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. அவர்களுக்குத்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. பெயரைப் போட்டால் வருத்தப்படுகிறவர்கள் உங்களில் பாதிப் பேர். படிக்கும்போது உங்களை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பதினோரு மாதம் எங்கள் கோயிலுக்கு ஆயர் இல்லை. முந்தைய ஆயர் உடம்புக்கு முடியாமல் ஓய்வு வாங்கிக்கொண்டு போனபின், ஆயர் இல்லத்துச் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. மெதடிஸ்ட் வழியில் வந்த சபைக்கு ஆயர் மாறுவது புதிதல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஐயா தம்முடைய பிரசங்கிகளை ஓர் ஊரில் வெகுநாள் தங்க விட்டதில்லை, மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பழக்கம் இங்கும் வந்தது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று எத்தனையோ பேரை அழுதுகொண்டே பஸ் ஏற்றியிருக்கிறோம். ஆனால் ஒருவர் போய் இன்னொருவர் வராமல் இத்தனை மாதம் இருந்தது என் நினைவில் இதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் பிரசங்கம் செய்தவர்களுக்கு முதல் நன்றி. பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகளைப் பிரசங்கபீடத்தில் ஏற்றியதும் வெஸ்லி காலத்து வழக்கம்தான். அதை நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். இந்த வருஷம் கண்ணால் பார்த்தோம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடித்து, பழைய டைரியில் பிரசங்கத்தை எழுதி, காலையில் கண் சிவக்க வந்து நின்று பேசினார். தையல் கடை அக்கா சகரியா புத்தகத்திலிருந்து பேசிய அன்று, பின்வரிசையில் வழக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை. அக்கா, அடுத்த வாரமே மறுபடி பேசச் சொன்னபோது "எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்" என்றீர்களே, அது உண்மையில்லை. இனிமேலும் பேச வேண்டும்.

பிரசங்கம் யாரும் செய்யலாம். திருவிருந்துக்கு அபிஷேகம் பெற்ற ஆயர்தான் வர வேண்டும். பக்கத்துச் சேகரத்து ஆயர், அதாவது பக்கத்துச் சபைகளைப் பார்க்கும் ஆயர், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். தம்முடைய கோயிலில் ஆராதனை முடித்து, பதினெட்டு கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, இங்கே இன்னொரு ஆராதனை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பாமணி ஆற்றுப் பாலத்தில் முழங்கால் வரைக்கும் நனைந்து வந்து இறங்கினார்கள். அங்கி மட்டும் உரச்சாக்கின் உள்தாளில் சுற்றிக் காய்ந்தபடி இருந்தது. தலை துவட்டத் துண்டு கொடுத்தோம். "முதலில் மணியை அடிங்க, ஜனங்க உட்கார்ந்திருக்காங்க" என்றார்கள். இரண்டு அடக்க ஆராதனை, ஒரு ஞானஸ்நானம், ஒரு கல்யாணம் எல்லாம் அவர்கள் கையால் நடந்தது. ஐயா, உங்கள் சபையாருக்கும் நன்றி. உங்களை எங்களுக்குப் பங்கு வைத்துக்கொடுத்தவர்கள் அவர்கள்.

மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோயில்பிள்ளைக்கு என்ன சொல்ல? பதினோரு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட மணி அடிக்காமல் இருந்ததில்லை. சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனபோதும் கேட்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி, ஞானஸ்நானப் பதிவேடுகளை ரெக்சின் துணியில் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு திருப்பீடத்தின் அடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தப் பதிவேடுகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆயர் இல்லத்தின் ஓடு பாதி அந்தப் புயலில்தான் போனது. அப்போது தகரம் போட்டு ஒப்பேற்றியதோடு சரி. அப்புறம் பதினோரு மாதம் பூட்டிக் கிடந்ததில் நிலைப்படியெல்லாம் கரையான், கூடத்தில் வௌவால். பேராயரின் திருமண்டலத்திலிருந்து நியமன உத்தரவு வந்தபோது கையில் இருந்தது இருபத்திரண்டு நாள். ஓடு மாற்ற ஒத்துக்கொண்ட ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு வராமலே போனார். அதை நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அந்த வாரமே மேலத் தெருக் கொத்தனார் அண்ணன் தானாக வந்து, "ஓடு மாற்றுவது எங்கப்பா காலத்து வேலை, நான் செய்கிறேன்" என்று ஏணி வைத்து ஏறினார். பழைய ஓடு கிடைப்பது லேசில்லை. இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில் பேசி, அறுநூறு ஓட்டை உடையாமல் இறக்கிக்கொண்டு வந்தார். வண்டிச் சத்தம்கூட அவருடையது. கடைத்தெரு ஹார்டுவேர் பாய் பெயிண்டும் சுண்ணாம்பும் கொடுத்துவிட்டு, "அறுப்பின் பண்டிகைக் காணிக்கை வந்ததும் பார்த்துக்கலாம்" என்று சிட்டையை மடித்து உள்ளே வைத்தார். பாய், அந்தக் கணக்கு எங்களுக்கு நினைவிருக்கிறது.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கிணற்றைத் தூர் வாரினார்கள். சேற்றோடு ஒரு பித்தளைச் சொம்பும் வந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று ஆகிவிட்டது. யார் வீட்டுச் சொம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஆயர் வீட்டு அடுப்படியில் தண்ணீர் மொள்ள இருக்கிறது.

சாமான் லாரி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வர வேண்டியது. வழியில் டயர் வெடித்து, ராத்திரி பத்தரைக்கு வந்தது. சுமை இறக்க வைத்திருந்த ஆட்கள் போய்விட்டார்கள். ஆயரும் வீட்டுக்காரரும் எட்டாவது படிக்கும் மகளும் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் கடைசி வண்டிக்காகக் காத்திருந்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் ஆறு பேர், யாரும் கூப்பிடாமலே வந்து லாரியில் ஏறினார்கள். பீரோ, கட்டில், பதினான்கு பெட்டி புத்தகம், கடைசியாக ஒரு தையல் மிஷின். நள்ளிரவு ஆகிவிட்டது. பணம் நீட்டினேன். "டீச்சர், உங்ககிட்டப் படிச்சவங்க நாங்க" என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்தார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்தான். மற்ற நாலு பேரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதவர்கள். தம்பிகளா, நல்லா இருங்க.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலத்திலிருந்து கோயில் வரைக்கும் ஆயரை அழைத்து வரும்போது பேண்டு வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. எங்கள் ஊரில் நாகஸ்வரம் இருக்கும்போது பேண்டு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. வடக்கு வீதி வித்துவானிடம் தயங்கித் தயங்கித்தான் போய்க் கேட்டேன். பரம்பரையாகச் சாமி கோயிலில் வாசிப்பவர்கள். கையில் இருப்பது அவருடைய தகப்பனார் வாசித்த, நரசிங்கம்பேட்டையில் கடைந்த ஆச்சா மரத்து நாகஸ்வரம். கீர்த்தனைப் புத்தகத்தை நீட்டினேன். எங்கள் கீர்த்தனைகள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சங்கராபரணம், ஆதி" என்று வாசித்தார். "பாடுங்கம்மா" என்றார். நான் பாடினேன். இரண்டாவது தடவை அவரும் கூடவே முனகினார். மூன்று நாள், சாயங்காலம் சாயங்காலம் பாடகர் குழுப் பெண் ஒருத்தி போய்ப் பாடிக் காட்டிவிட்டு வந்தாள். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த இடத்தில் வார்த்தை முடிகிறது என்று அவர் பென்சிலால் குறித்துக்கொண்டாராம். "வார்த்தை உடையக் கூடாது. அது அவங்களுக்கு ஜெபம்" என்று தவில்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

ஆரம்பத்தில் மல்லாரி வாசிப்பீர்களா என்று நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். "மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உள்ளது அம்மா. உங்க பாட்டையே வாசிக்கிறேன்" என்று பொறுமையாகச் சொன்னார். தன்னுடையதை அதன் இடத்தில் வைத்து, எங்களுடையதையும் அதன் இடத்தில் வைத்த மரியாதை அது. காலை எட்டு மணிக்குப் பாலத்தில் அவர் முதல் வரியை எடுத்தபோது, எங்கள் வயதான தாய்மார்கள் நடந்துகொண்டே வாயசைத்தார்கள். சாவடிக்கு அருகில் வரும்போது எல்லாரும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தோம். ஆயர் அழுதுவிட்டார்கள். அவர்கள் வந்தது கரூர்ப் பக்கத்துச் சேகரத்திலிருந்து. அதுவும் எங்களைப் போல மெதடிஸ்ட் மிஷன் வளர்த்த மண்தான். ஆனால் கீர்த்தனையை நாகஸ்வரத்தில் அவர்கள் கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறையாம்.

அப்புறம் ஒரு சங்கடம். ஆயரை எப்படிக் கூப்பிடுவது? இந்த ஊரில் ஆயரம்மா என்றால் ஆயருடைய மனைவி. இப்போது ஆயரே அம்மா. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கு 1976 முதல் குருத்துவ அபிஷேகம் கொடுக்கிறார்கள், 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே வந்தார். இருந்தாலும் எங்கள் சின்ன ஊருக்கு இது முதல் தடவை. சிலருக்குத் தயக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. கமிட்டியில் மூத்தவர் ஒருவர், "வரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அன்று திருவிருந்துக்கு அழைத்தபோது பின்வரிசையிலிருந்து முதலில் எழுந்து வந்தவர் அவர்தான். முழங்கால் மடக்க முடியாது அவருக்கு. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கையை ஏந்தினார். ஆயர் குனிந்து அப்பத்தை வைத்து, அவர் விரல்களைத் தன் கையால் மூடினார்கள். வெளியே வந்ததும் அவரே, "ஆயரம்மா சாப்பிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெரியவரே, உங்களுக்குத் தனியாக நன்றி. ஆயரின் வீட்டுக்காரரைப் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கும் அது சந்தோஷமே.

பந்தியில் எண்ணூறு இலைக்கு மேல் விழுந்தது. சைவச் சாப்பாடு முதலில், பிரியாணி அப்புறம். இலை, காய்கறி, சீரகச் சம்பா அரிசி கொடுத்தவர்களுக்கும், கூத்தாநல்லூரிலிருந்து தம்ரூட் இனிப்புச் செய்து அனுப்பிய என் பள்ளித் தோழிக்கும், எச்சில் இலை எடுத்த பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் நன்றி. பம்பு செட்டு வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருக்கும் சமயம் இது. சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்ற விவசாயிகளை ஆயரம்மா ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக் கும்பிட்டார்கள்.

மதியத்துக்குமேல் கூட்டம் குறைந்தபின் பதிவேடுகளை ஒப்படைத்தோம். கோயில்பிள்ளை அந்த ரெக்சின் கட்டை அவிழ்த்தார். ஆயரம்மா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது நமக்குத் தெரியும். அந்த வருஷத்துப் பதிவேட்டில் அது எப்படித் தெரிகிறது என்றால், பக்கத்தின் மேலே அச்சில் இருக்கும் மெதடிஸ்ட் என்ற வார்த்தை மேல் ஒரு மெல்லிய கோடு, பக்கத்தில் கட்டைப் பேனாவில் புதுப் பெயர். அடித்த கோடு வார்த்தையை மறைக்கவில்லை, இன்றும் படிக்கலாம். ஆயரம்மா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போய், பொறுப்பேற்ற தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாவியை நான் ஆணியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதையும் கொடுத்தேன்.

பேராயர் அவர்களுக்கும், எங்கள் கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்ட திருமண்டல அலுவலகத்தாருக்கும், ஆயர் மகளைப் பள்ளி திறந்த வாரத்திலேயே சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியைக்கும், வெயிலில் நின்று போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட காவலருக்கும் சபையின் நன்றி.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. ஆயரம்மா தினமும் காலை ஏழு முதல் ஒன்பது வரை வீட்டில் இருப்பார்கள். சபையார்தான் வர வேண்டும் என்றில்லை, யாரும் வரலாம் என்று சொல்லச் சொன்னார்கள். இன்னொன்று, இரண்டு அண்டா, ஒரு பெரிய ஜல்லிக்கரண்டி, நீல விளிம்பு போட்ட ஒரு ஜமக்காளம் கோயில் உள்ளறையில் இருக்கின்றன. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று வந்து சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சபைச் செயலர்