குடமுருட்டிக் கரை ஊராருக்கு ஒரு செவிலியரின் மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் நடவுக்குப் போகும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

"இரண்டு ஊசி போட்ட நர்சுக்கே கொரோனா வந்துவிட்டது, நமக்கு எதற்கு?" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறீர்களாம். அந்த நர்ஸ் நான்தான். தடுப்பூசி முகாம் வரிசையில் நின்றவர்கள் என்னைக் காரணம் சொல்லித் திரும்பிப் போனார்கள் என்று அப்பா சொன்னபோது, காய்ச்சலில் கிடந்த நாட்களைவிட அதிகம் வலித்தது.

2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று என நான் கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். மே மாதம் கொரோனா வார்டில் வேலை. முகக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும் சின்ன அறையில் நான்கு பேர் நெருக்கி உட்காருவோம். அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும். மூன்று நாள் காய்ச்சல். மிளகு ரசத்தை மூக்கருகே பிடித்தும் மணம் தெரியவில்லை. வேளைக்கு ஒருமுறை, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பேன். 96-க்குக் கீழே இறங்கவே இல்லை. அம்மா வாசற்படியில் வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் குடித்தே எழுந்துவிட்டேன்.

என் ஒருத்தியின் கதை போதாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் பணியாளர்களைக் கணக்கெடுத்தது. இரண்டு ஊசியும் போட்ட 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது. ஆக, ஊசி போட்டவர்களுக்கும் வரும்; அதை மறைக்கமாட்டேன். ஆனால் போடாதவர்களோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதமும், ஆக்சிஜன் தேவை 92 சதவீதமும், தீவிர சிகிச்சை 94 சதவீதமும் குறைவு. மூச்சுக்குத் தவித்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த 92-க்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

நோய் வராமல் இருக்க விதைநேர்த்தி செய்த வயலிலும் ஓரிரு இலையில் புள்ளி விழத்தான் செய்யும். அதற்காக அடுத்த போகத்துக்கு நேர்த்தி செய்யாமல் விதைக்க எங்கள் அப்பா துணிந்ததில்லை.

இன்னொன்று. 'டெல்டா வைரஸ்' என்றதும் நம் காவிரி டெல்டா மண்ணில் பிறந்ததால் வந்த பெயர் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர், அவ்வளவுதான்.

2021 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வந்து, நாற்றங்கால் பச்சை கட்டிவிட்டது. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், கூலி போய்விடும் என்பது உங்கள் கவலை. அது நியாயமான கவலை. நாற்றுப் பறிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போதே போட்டுக்கொண்டால் நடவுக்குள் உடம்பு தேறிவிடும். போட்ட பிறகும் கூட்டமாக வேனில் போகும்போது முகக்கவசம் வேண்டும், உங்களிடமிருந்து வீட்டுக் கிழவிக்குத் தொற்றக்கூடும்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துத் தடுப்பூசி முகாமில் நான் இருப்பேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.