உறுதிமொழி போதும், டேப்பை எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தாலே பேப்பர்ல ஒரு போட்டோ பார்க்கலாம், பசங்க வரிசையா நின்னு கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கிட்டு இருப்பாங்க, பின்னாடி ஒரு பேனர். தப்புன்னு சொல்லல. ஆனா நான் ஹைஸ்கூல்ல இருபது வருஷத்துக்கு மேல பிசிக்ஸ் எடுக்கிறவன், அந்த வரிசையில முதல் ஆளா நின்னவனே சாயங்காலம் ஒரே வண்டியில மூணாவது ஆளா தொத்திக்கிட்டு போறதையும் பார்த்திருக்கேன், அதனாலதான் இந்தக் கடிதம்.

சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போன்னு இன்னும் எத்தனை வருஷம் 15 வயசு பசங்களுக்கு சொல்லிக்கிட்டே இருக்கப் போறோம்? அதுல டெஸ்ட் வச்சா எல்லாரும் நூத்துக்கு நூறு. அவங்களுக்குத் தெரியாதது வேற, ஒரு வண்டி நிக்கறதுக்கு எவ்வளவு இடம் வேணும்ங்கறது. பெரியவங்க நமக்கே தெரியாது, அது தனிக்கதை.

போன வருஷம் பி.டி. சார்கிட்ட லாங் ஜம்ப் அளக்கிற டேப்பை வாங்கிக்கிட்டு ஒரு வகுப்பையே கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போனேன். ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, இந்த இடத்துல வரும்போது முன்னாடி ஒரு குழந்தை ஓடி வர்றதை பார்க்கறீங்க, 60 கி.மீ. வேகத்துல வர்றீங்க, எங்க போய் நிப்பீங்களோ அங்க உங்க பையை வைங்கன்னு சொன்னேன். முக்கால்வாசிப் பை 15 மீட்டருக்குள்ளயே இருந்துச்சு. ஒருத்தன் மட்டும் ரொம்ப தைரியமா 20 மீட்டர்ல வச்சான், மத்தவங்க அவனைப் பார்த்து சிரிச்சாங்க.

அப்புறம் கணக்கு போட்டோம். 60 கி.மீ.ன்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, கை பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டு ஆயிடும், அந்த 17 மீட்டர்ல வண்டி துளி கூட வேகம் குறைஞ்சிருக்காது. அதுக்கு மேல நல்ல காய்ஞ்ச ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக்னு வச்சுக்கிட்டாலே இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. பையெல்லாம் எங்கயோ கிடக்குது. 40 கி.மீ.ல வந்தா? 11 மீட்டர் யோசிக்க, 9 மீட்டர் பிரேக்குக்கு, 20ல நின்னாச்சு. இப்பதான் பின்வரிசைல இருந்து ஒரு பொண்ணு கேட்டா, சார், 40ல வந்தவன் நிக்கிற அந்த 20வது மீட்டர்ல 60ல வந்தவன் என்ன வேகத்துல போய்க்கிட்டு இருப்பான்னு. நான் பதில் சொல்லல, அவங்களையே போடச் சொன்னேன். 55 கி.மீ. கிட்ட வந்துச்சு. அதாவது ஒருத்தன் குழந்தைக்கு முன்னாடி நின்னுட்டான், இன்னொருத்தன் 55ல மோதறான், ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வெறும் 20 கி.மீ. கிரவுண்ட்ல ஒரு சத்தமும் இல்ல. வேகம் ஒன்றரை மடங்கு ஆனா பிரேக் தூரம் ரெண்டேகால் மடங்குன்னு போர்டுல நூறு தடவை எழுதியிருக்கேன், ஒரு நாளும் இப்படி அமைதியா இருந்ததில்ல.

அடுத்த நாள் ஸ்கேல் வச்சு ஒண்ணு பண்ணோம். ஒருத்தன் 30 செ.மீ. ஸ்கேலை மேல பிடிச்சுக்கிட்டு சொல்லாம விடணும், இன்னொருத்தன் கீழ ரெண்டு விரலை வச்சுக்கிட்டு பிடிக்கணும். ஸ்கேல் 20 செ.மீ. விழறதுக்குள்ள பிடிச்சா, கை 0.2 செகண்டுல வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். எல்லாரும் ஹீரோதான். அப்புறம் இன்னொரு கையில மொபைலைக் கொடுத்து ஒரு மெசேஜ் டைப் பண்ணிக்கிட்டே பிடிங்கடான்னேன், ஸ்கேல் பாதி பேருக்கு தரையில விழுந்துச்சு. விழப்போகுதுன்னு தெரிஞ்சு காத்துக்கிட்டு இருக்கும்போதே இந்த லட்சணம், ரோட்டுல எவனும் சொல்லிட்டு குறுக்க வரமாட்டான். மொபைல் யூஸ் பண்ற டிரைவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா பசங்களுக்கு அந்த நம்பரை விட கீழ விழுந்த ஸ்கேல்தான் உறைச்சுது.

ஹெல்மெட் விஷயத்துக்கு வர்றேன். 1935ல டி.இ. லாரன்ஸ்னு பேர் போன ஒரு ஆள், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'ன்னு சொல்வாங்களே அந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, இங்கிலாந்துல பைக்ல போறப்போ சைக்கிள்ல வந்த ரெண்டு பையன்களைத் தவிர்க்கப் போய் கீழே விழுந்து, தலையில அடிபட்டு ஆறு நாள் நினைவில்லாம கிடந்து செத்துப்போனாரு. அவரைப் பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹியூ கேர்ன்ஸ், மூளை சர்ஜன். அந்த சாவு அவரை விடவே இல்ல, பைக் ஓட்டறவங்க தலைக்காயத்தை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி ஹெல்மெட் உயிரைக் காப்பாத்துதுன்னு 1941லயே எழுதிட்டாரு. பிரிட்டன்ல எல்லாருக்கும் சட்டமா வந்தது 1973ல. தெரிஞ்ச விஷயம் தலைக்கு ஏற 32 வருஷம்! இன்னிக்கும் ஸ்கூல் கேட்டுல பிள்ளையை இறக்கிவிடற அப்பாக்கள் பாதிப்பேர் ஹெல்மெட்டை முழங்கையில மாட்டியிருக்காங்க, மீதி பேர் தலையில வச்சு கீழ கிளிப்பை போடாம வர்றாங்க, விழுந்தா முதல்ல பறக்கறது அதுதான்.

சிலர் சொல்றாங்க, பேசாம ஸ்கூல்லயே டிரைவிங் கத்துக்கொடுத்துடலாம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் பத்தின ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2001ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளை அலசற ஒரு சர்வதேச அமைப்பு ஒரு ரிவ்யூ போட்டுச்சு, ஸ்கூல் டிரைவிங் வகுப்பால விபத்து குறைஞ்சதுக்கு ஆதாரம் இல்ல, பசங்க சீக்கிரமா லைசென்ஸ் எடுத்து சீக்கிரமா ரோட்டுக்கு வந்துடறாங்க, அவ்வளவுதான். ஓட்டக் கத்துக்கறது கையோட வேலை, சிக்கல் அதுல இல்ல. யோசிச்சு அடக்கி வைக்கிற மூளையோட முன்பகுதி முழுசா பக்குவமாக 25 வயசு கிட்ட ஆகுது, கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா இருக்கறதும் போயிடுது. நியூசிலாந்து இதைப் புரிஞ்சுக்கிட்டுதான் 1987லயே புது டிரைவருக்கு ராத்திரி ஓட்டக்கூடாது, ஆள் ஏத்தக்கூடாதுன்னு படிப்படியான லைசென்ஸ் கொண்டு வந்தாங்க.

அதனால நான் ஓட்டறவனை விட பின்னாடி உட்கார்றவங்ககிட்டதான் அதிகம் பேசறேன். வண்டி கையில இல்லாத பிள்ளைங்கதானே அதிகம். "மெதுவா போடா"ன்னு சொன்னா பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணுவாங்க சார்னாங்க. சரி, மானம் போகாம எப்படி சொல்றதுன்னு நீங்களே கண்டுபிடிங்கன்னேன். ஜெயிச்ச ஐடியா: "டேய் எனக்கு வாந்தி வருது." எவனா இருந்தாலும் உடனே ஓரங்கட்டுவான்.

உலகத்துல வருஷத்துக்கு சுமார் 11.9 லட்சம் பேர் ரோட்டுல சாகறாங்க, 5 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்க சாவுக்கு முதல் காரணமே இதுதான். இதுக்காக தனியா ஒரு பாடப்புத்தகம் போட்டுடாதீங்கன்னு மட்டும் கல்வித்துறைக்கு உங்க மூலமா கேட்டுக்கறேன், புத்தகம் வந்தா அடுத்த மாசம் அதுக்கு கைடு வந்துடும், பசங்க மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிடுவாங்க. பிசிக்ஸ்ல ரெண்டு பீரியட், பயாலஜில மூளைப் பாடம் வர்றப்போ ஒரு பீரியட் போதும். அப்படியே ஸ்கூல் பஸ்சை கிரவுண்டுல நிறுத்தி ஒவ்வொருத்தரா டிரைவர் சீட்டுல உட்காரவச்சு, மத்தவங்களை பஸ்சை ஒட்டி முன்னாடியும் சைடுலயும் நிக்கச் சொல்லுங்க, எத்தனை பேர் கண்ணுக்கே தெரியலைன்னு அவங்களே எண்ணட்டும்.

நான் போட்ட கோடு மழையில அழிஞ்சுபோச்சு. போன வாரம் பார்த்தா யாரோ மறுபடியும் போட்டு 20, 37னு எழுதி வச்சிருக்காங்க. டேப் பி.டி. சார் ரூம்ல பூட்டித்தான் இருந்துச்சு, காலடி வச்சு அளந்திருக்காங்க போல, நான் அளந்து பார்த்தேன், 37ல அரை மீட்டர்தான் தப்பு.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் வாத்தியார்