கிழிந்த சேலையும் 14 மீட்டர் துணியும்

பூம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவள், எழுதும்போதே வேலை ஏவுகிறாளே என்று நீ பல்லைக் கடிப்பது கொடைக்கானல் வரை கேட்கிறது. கடி. இங்கே எல்லோரும் சௌக்கியம், பூண்டு விலையைத் தவிர. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

போன ஞாயிறு அம்மாவின் சின்னாளபட்டிச் சுங்குடியைக் கிழித்துவிட்டேன். ஆமாம், அந்தச் சேலைதான். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் வந்து தங்கியவர்கள் இரண்டு சீகை மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி அதில் படுத்து மதியம் முழுக்கத் தூங்கினார்கள். பெரியவர்களுக்கும் தூளி! என்னையும் தம்பியையும் ஆட்டிய சேலை பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்று தோன்றியது. துணிக்கொடி போல விறைப்பாகக் கட்டி ஏறிப் படுத்தேன். இரண்டு நிமிடம் சொர்க்கம். அப்புறம் 'சர்ர்'. இடுப்பில் இன்னும் நீலம் மாறவில்லை. நீ சிரிப்பாய் என்று தெரியும், கம்பம் மாமா கட்டிலோடு விழுந்ததை நினைத்துக்கொள்வாய் என்றும் தெரியும்.

கிழிந்த இடத்தைப் பார்த்தேன். மடிப்பு இருந்த கோட்டிலேயே நேராகப் பிளந்திருந்தது. நாற்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி, அதுவும் இந்த ஈரத்தில், இற்றுப்போகாமல் என்ன செய்யும்? ஆனால் பாதிக் குற்றம் என்னுடையது. படுத்த பிறகு கயிறு தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொரு முனையிலும் இழுவை ஏறக்குறைய என் எடை அளவுக்கே இருக்கும், 66 கிலோ. 15 டிகிரிக்கு விறைத்துக் கட்டினால் அது கிட்டத்தட்ட இரு மடங்கு. சைன் டேபிளை வாய்ப்பாடாக ஒப்பிக்க வைத்த நம் கணக்கு டீச்சர் இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் ஒழுங்காகப் படித்திருப்பேன்.

எட்டு நாளாக எனக்கு வேறு நினைப்பில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். துணி மட்டும் இந்த மலையில் கிடைக்காது. கோவையில் நீ இருக்கிறாய்.

கடைக்குப் போனால் 'பாராசூட் துணி' என்று எதையாவது எடுத்துப் போடுவார்கள். மெல்லிசாக வழுக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர், நம்பாதே. தூளிக்கு 70 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான், பூச்சு இல்லாதது. சின்னச் சின்னக் கட்டங்களாகக் கனத்த இழை ஓடும். ஒரு கட்டத்தில் கிழிந்தாலும் சுலபத்தில் அடுத்ததற்குத் தாண்டாது. டெனியர் என்றால் 9000 மீட்டர் இழையின் எடை, கிராமில். கடைக்காரர் விழித்தால் நீ விளக்கு, உனக்குப் பிடித்த வேலைதானே. துணியை வாயில் வைத்து ஊது. காற்றுப் போனால் தூளிக்கு. போகாவிட்டால் படுத்தவள் முதுகு வேர்வையில் நனையும்.

தூளிக்கு மேலே மழைக்காகக் கட்டும் கூரைக்கு நேர்மாறு, காற்றும் போகக்கூடாது. அதற்கு நைலான் வேண்டவே வேண்டாம். நைலான் தண்ணீரைக் குடித்து நீளும். சாயங்காலம் இழுத்துக் கட்டிய கூரை, ராத்திரி மழையில் தொந்தி போட்டுத் தொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே பெய்கிற மழை உனக்குத் தெரியாததா? பாலியஸ்டர் தண்ணீரைச் சீந்துவதே இல்லை. சிலிக்கான் பூச்சுப் போட்டதாகக் கேள். வேறு பூச்சு எப்படி ஆகும் என்பதற்கு என் பழைய மழைக்கோட்டு பரணில் சாட்சியாகக் கிடக்கிறது. பிசுபிசுவென்று உரிந்து, நாற்றம் தாங்கவில்லை. நைலானா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இழை ஒன்றை உருவித் தீக்குச்சி காட்டு. பாலியஸ்டர் கரும்புகை விடும். கடைக்குள் வேண்டாம், வாசலில் செய். உன்னை எனக்குத் தெரியும்.

அளவு: தூளிக்குத் தலா மூன்றரை மீட்டர், இரண்டுக்கு 7. இரண்டாவது உனக்கு, மறுக்காதே. கூரைக்கு இன்னொரு 7. இரண்டு துண்டுகளை முகட்டில் சேர்த்துத் தைப்பேன். பன்னா, அதாவது துணியின் அகலம், 60 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஊசித் துளைகளில் சிலிக்கான் பசை பூச வேண்டும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும், பருத்தி நூல் மறுபடியும் என்னைக் கீழே தள்ளும். மரத்தில் சுற்ற ஓர் அங்குல அகலப் பட்டை நாடாவும் வேண்டும். கயிறு சீகைப் பட்டையை அறுத்துவிடுகிறது.

காட்டுக்குள் கட்டப் போகிறேன் என்று பயப்படாதே. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பதாக இல்லை. எங்கள் பூண்டு வயல் வரப்பில்தான், பனி ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டு.

மல்லி, ஒன்று கேட்க வேண்டும். கிழிந்ததும் நான் முதலில் இடுப்பைப் பார்க்கவில்லை, சேலையை முகர்ந்தேன். அம்மா வாசம் இல்லை. பாச்சை உருண்டை வாசம் மட்டும்தான். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? நீ சொன்னால் கேட்பான். நல்ல பகுதி இரண்டு முழம் தேறும். தூளியைச் சுருட்டி வைக்க ஆளுக்கொரு பையாகத் தைக்கலாமா, அவனுக்கும் சேர்த்து? அவன் சம்மதித்த பிறகுதான் கத்தரி வைப்பேன்.

பணம் சொல், அனுப்புகிறேன். அப்புறம், கடைக்காரர் துணியை இழுத்துப் பிடித்து அளப்பார். விடாதே.

உன்,
கோமதி